ரங்கோன்காரர் பொஞ்சாதி

தூத்துக்குடியில் என்னை யாரும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரங்கோன்காரர் பொஞ்சாதி என்றுதான் சொல்வார்கள். கடைக்காரர்களுக்கும் அப்படித்தான், தண்ணீர்க் குழாயடியிலும் அப்படித்தான். அந்த ரங்கோன்காரர் எனக்கு மேடையில் வாய்த்த புருஷன். மேடையிலும் அவர் கொஞ்ச நாள்தான் இருந்தார்.

எங்கள் நாடகக் கம்பெனி மதுரைப் பக்கத்திலிருந்து அந்த ஊருக்கு வந்து இறங்கியபோது யுத்தம் எங்கோ தூரத்தில் நடந்துகொண்டிருந்தது. துறைமுகத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு தகரக் கொட்டகை கிடைத்தது. பக்கத்தில் சங்குக் கிடங்கு. கடலில் எடுத்த சங்குகளைக் குவித்துவைத்துச் சதை அழுகும்வரை போட்டிருப்பார்கள். காற்று திரும்பினால் அந்த நாற்றம் கொட்டகைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். நான் அப்போது தோழி வேஷக்காரி. ராஜகுமாரிக்குப் பின்னால் விசிறியோடு நிற்பது, அவள் மயங்கி விழுந்தால் தாங்கிக்கொள்வது, இவ்வளவுதான் என் உத்தியோகம்.

ராத்திரி நாடகம் ஒரு வாரம்கூட ஒழுங்காக நடக்கவில்லை. ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டுவிட்டான் என்று செய்தி வந்தது. கடலைப் பார்த்த ஊரில் விளக்கு வெளியே தெரியக் கூடாது என்று தண்டோரா போட்டார்கள். தகரத்தில் ஆயிரம் ஓட்டை. உள்ளே விளக்கேற்றினால் கொட்டகையே லாந்தர் மாதிரி தெரியும். ஏற்றலாம் என்றாலும் மண்ணெண்ணெய் கிடையாது. பாதிக் கம்பெனி ஊரைப் பார்க்கப் போய்விட்டது. முதலாளி இரண்டு நாள் ஆர்மோனியப் பெட்டிமேல் உட்கார்ந்தே இருந்தார். கதை கட்டுவதும் பாட்டு எழுதுவதும் அவர்தான். மூன்றாம் நாள் எழுந்து, "பகல்ல ஆடுவோம்" என்றார்.

பகலில் ராஜா ராணி கதை எடுபடவில்லை. ஓட்டை வழியாக வந்த வெயிலில் ராஜாவின் கிரீடத்துக்கு அடியில் ஒட்டியிருந்த பழைய பத்திரிகையின் எழுத்து தெரிந்தது. தாடியின் பசை வேர்வையில் ஒழுகியது. ஆண்கள் யாரும் வரவில்லை. துறைமுகத்திலும் மில்லிலும் உப்பளத்திலும் அவர்களுக்கு வேலை இருந்தது. காலையில் மீன் விற்று முடித்த பெண்களும், சோறாக்கி வைத்துவிட்டு வந்த பெண்களும்தான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்துவிட்டு முதலாளி ராஜாவைத் தூக்கிப் போட்டார். ஒரு வீட்டுக் கதை கட்டினார். ஒரு புருஷன், ஒரு பெண்டாட்டி, ஒரு மாமியார். கட்டுகிற சேலையே வேஷம். ஒரு அடுப்பு, ஒரு குடம், ஒரு பாய். ஒரே நாளில் முடிகிற கதை இல்லை. நாளுக்கு ஒரு துண்டாக ஓடியது. மாமியார் மருமகளின் நகைப்பெட்டியைத் திறக்கப் போகும்போது திரை விழும். திறந்தாளா இல்லையா என்று தெரிய மறுநாள் வர வேண்டும்.

ராஜகுமாரியாக நடித்தவள் ஊருக்குப் போய்விட்டதால் பெண்டாட்டி வேஷம் எனக்கு வந்தது. எழுதிவைத்த வசனம் கிடையாது. காலையில் கஞ்சி குடிக்கும்போது முதலாளி அன்றைய கதையைச் சொல்வார். பேச்சை நாங்களே பேசிக்கொள்ள வேண்டும்.

புருஷனாக நடித்தவர் தாமிரபரணிக் கரையில் ஒரு நெல் வயல் கிராமத்துக்காரர். விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளை. பாட்டுப் பைத்தியத்தில் வீட்டை விட்டு வந்தவர். மேடையில் என் கையிலிருந்து தண்ணீர்ச் செம்பை வாங்கும்போது மெதுவாக, "உனக்குக் காய்ச்சல் அடிக்கு, போய்ப் படு" என்பார். அது கதையில் இல்லாத பேச்சு. அப்படியே நாங்கள் பேசி முடிவு செய்துகொண்டோம், கல்யாணம் என்று. முதலாளியிடமும் சொன்னோம். தை பிறக்கட்டும் என்றார்.

தை பிறப்பதற்குள் அரிசி போய்விட்டது. பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோனதால் ஊரே சோளத்துக்கும் மரவள்ளிக்கும் வரிசையில் நின்றது. கம்பெனியில் ஒருவேளைக் கஞ்சி. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறவர்கள் சந்தைப் பக்கம் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருநாள் காலையில் அவர் வந்து என் முன்னால் நின்றார்.

"பேர் குடுத்துட்டு வந்துட்டேன். ரோடு போடுத பட்டாளம்தான். துப்பாக்கி கிடையாது. நீ பயப்படாத" என்றார்.

"என்னைக் கேக்கணும்னு தோணலையா?"

"கேட்டா நீ விடமாட்டே. ரெண்டு பேரும் இங்கன கிடந்து சாவணும்."

மத்தியான ரயிலில் போய்விட்டார். அதே மத்தியானம் நாடகம் இருந்தது. புருஷன் இல்லாத கதையை என்ன செய்வது? முதலாளி கஞ்சியைக் கீழே வைக்காமலே யோசித்தார். கதை போன வருஷம் நடப்பதாக வைத்துக்கொள்வோம் என்றார். புருஷன் பெண்டாட்டியிடம் சொல்லாமல் ரங்கோனுக்குக் கப்பல் ஏறிவிட்டான்.

அன்றைக்கு மேடையில் மாமியார் வேஷக்காரர் வந்து, "உன் புருஷன் ரங்கோனுக்குப் போயிட்டான்டி" என்று சொன்னபோது கொட்டகையில் ஒரு சத்தம் எழுந்தது. மேடைமேல் இருந்த எங்களுக்குப் போன வருஷம். அவர்களுக்கு இந்த வருஷம். ரங்கோனில் குண்டு விழுந்ததும், ஊர் பிடிபட்டதும், போன ஆண்கள் கப்பல் இல்லாமல் காட்டு வழியாக நடந்து வருகிறார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாத மாதிரி நான் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு, "வந்துருவாக அத்தை" என்றேன். முன்வரிசையில் ஒருத்தி வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டாள்.

அவள் உப்பளத்துக்காரி. உப்புச் சுமந்து உள்ளங்கால் முழுக்க வெடித்திருக்கும். அவள் புருஷன் நிஜமாகவே ரங்கோனில் அரிசி ஆலையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன். தகவல் கிடையாது. நாடகம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"ஏளா, ஒன் வீட்டுக்காரர் தகவல் எதுவும் வந்துச்சா?"

நான் சிரித்துவிட்டேன். "எக்கா, இது நாடகம்."

"நாடகம்னு எனக்குத் தெரியாதா? நீ அழுத மாதிரி எனக்கு அழத் தெரியல. வீட்டுல அழுதா, மாமியா எதுக்கு அவலட்சணமா அழுதேங்கா. இங்கன வந்தா கேக்க ஆளில்ல. அதான் வாரேன்."

பிறகு நான் சிரிக்கவில்லை.

கூட்டம் பெருகியது. புருஷனோ மகனோ அண்ணனோ பர்மாவில் மாட்டிக்கொண்ட பெண்கள் எல்லாரும் வந்தார்கள். காயல்பட்டணத்திலிருந்து துணி போட்டு மூடிய வண்டிகளில் முஸ்லிம் பெண்கள் வந்தார்கள். அவர்களுக்கென்று முதலாளி ஒரு பக்கம் தட்டி கட்டிவைத்தார். கடற்கரைப் பெண்கள் ஜெபமாலையை உருட்டியபடி பார்த்தார்கள். நான் கடிதம் வருமா என்று வாசலைப் பார்ப்பேன். ஒரு தட்டு கூடுதலாகக் கழுவி வைப்பேன். அவ்வளவுதான் நடிப்பு. நான் அழ வேண்டிய இடத்தில் அழுதேன். அதற்குக் கஷ்டப்படவே இல்லை. எனக்கும் ஒருவர் யுத்தத்துக்குப் போயிருந்தார். அவரிடமிருந்தும் ஒரு வரி வரவில்லை. வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிற மாதிரி நான் தினம் மத்தியானம் போய் அவருக்காக அழுதுவிட்டு வந்தேன். ராத்திரி பாயில் படுத்தால் கண்ணில் ஒன்றும் இருக்காது. அது எனக்குப் பயமாக இருந்தது.

வெளியே போனால் பெண்கள் வழிவிட்டார்கள். எனக்குப் பூ கொடுக்கலாமா கூடாதா என்று பூக்காரி குழம்பினாள். ஒரு கிழவர் வலையோடு படகுக்குப் போனவர் என்னைக் கண்டதும் திரும்பி வீட்டுக்கே போய்விட்டார். அதில் அவரைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது?

பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்கள் சிலர் ரயிலில் வந்து இறங்கினார்கள். எலும்பும் தோலுமாக, காலில் புண்ணோடு, பேசாமல். பெண்கள் ஸ்டேஷனுக்கு ஓடுவதும் வெறுங்கையோடு நேரே கொட்டகைக்கு வருவதுமாக இருந்தார்கள். பிறகு பர்மாவிலிருந்து வருகிறவர்களும் நின்றுபோனார்கள். கதையும் நகரவில்லை. எத்தனை நாள் ஒருத்தி வாசலைப் பார்ப்பாள்? "அவுகளக் கொண்டாங்க, அண்ணாச்சி" என்று பெண்கள் முதலாளியை வழிமறித்துக் கேட்டார்கள். அவர் ஒரு புது நடிகரைக் கொண்டுவந்தார். நல்ல உயரம், கம்பீரமான குரல். முந்தியவரைவிட நன்றாகப் பாடுவார். இவர்தான் இனி புருஷன். இன்றைக்குத் திரும்பி வருகிறார் என்றார் முதலாளி.

அன்று கொட்டகையில் நிற்க இடமில்லை. டிரங்குப் பெட்டியோடு அவர் மேடைக்கு வந்து, "நான் வந்துவிட்டேன்" என்று பாட ஆரம்பித்தார். ஒருவரும் அசையவில்லை. அவர் முதல் அடியைத் திருப்பிப் பாடினார். முன்வரிசையில் உப்பளத்துக்காரி எழுந்து நின்றாள்.

"இது அவுக இல்ல" என்றாள்.

"ஆமா, அவுக இல்ல" என்று பின்னாலிருந்து ஒருத்தி. தட்டிக்குப் பின்னாலிருந்தும் குரல் வந்தது. அந்த மனிதர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் ஓடிப்போய் அவர் காலில் விழ வேண்டும். முதலாளி ஓரத்திலிருந்து கையை ஆட்டினார். என்னால் முடியவில்லை. அந்தக் காலைப் பார்த்தேன். எனக்குத் தெரியாத கால்.

"யார் நீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

கொட்டகை உடைந்து அழுதது. திரையை இறக்கிவிட்டு முதலாளி என்னிடம் வந்தார். அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவர் முகம் மலர்ந்திருந்தது. "இதை வச்சு இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாமே!" என்றார். புருஷன் என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்த அந்நியன், அவனை நம்பும் மாமியார், நம்பாத மருமகள். ஓட்டினார். யுத்தம் முடிகிறவரை அந்தக் கதை ஓடியது. நிஜப் புருஷன் வருவதற்கு அதில் வழியே இல்லை. வந்தால் முடிந்துவிடும்.

யுத்தம் முடிந்து விளக்குகள் எரிந்தன. ஊரில் பேசும் படம் ராத்திரியும் ஓடத் தொடங்கியது. மத்தியானக் கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அப்படி இருக்கும்போது, ஒருநாள், அவர் வந்துவிட்டார்.

நான் முதலில் சத்தத்தைத்தான் கேட்டேன். குலவைச் சத்தம். ஸ்டேஷனில் மீன் கூடை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் அவரைக் கண்டுகொண்டார்கள். காக்கி உடையில் மெலிந்து கறுத்து இறங்கிய மனிதரைச் சுற்றிக்கொண்டு, "ரங்கோன்காரர் வந்துட்டாக" என்று தெருவழியே அழைத்து வந்தார்கள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் போன பிறகு கதையில் தனக்கு என்ன ஆனது என்பது அவருக்குத் தெரியாதே. கொட்டகை வாசலில் என்னைப் பார்த்ததும், "இவங்கல்லாம் யாரு?" என்றுதான் கேட்டார். மூன்று வருஷத்துக்கு மேல் கழித்து என்னிடம் சொன்ன முதல் வார்த்தை.

எல்லாரும் போன பிறகு நான் கதையைச் சொன்னேன். அவர் தலை குனிந்தபடி கேட்டுவிட்டு, பிறகு மெதுவாகச் சொன்னார்:

"நிஜமாவே அங்கதான் இருந்தேன். பர்மாக் காட்டு வழியாத்தான் எங்க பட்டாளம் ரோடு போட்டுது. ஜனங்க நடந்து வந்தாங்கல்லா, அதே வழி. ரெண்டு பக்கமும் கிடந்தாங்க. எலும்புதான். வளையல் கிடந்தது. பித்தளைச் செம்பு கிடந்தது. கப்பி போடுததுக்கு முன்னால அதையெல்லாம் ஒதுக்கணும். நான்தான் ஒதுக்கினேன்."

மறுநாள் முதலாளி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரே ஒரு ஆட்டம். இத்தனை வருஷம் காத்திருந்த பெண்களுக்காக. நிஜப் புருஷன் திரும்பி வருவது. அவர் மாட்டேன் என்றுதான் சொன்னார். பெண்களே வந்து கேட்டபோது மறுக்க முடியவில்லை.

அந்த ஆட்டத்தைப் போல் என் வாழ்நாளில் ஒன்றும் நடந்ததில்லை. அவர் மேடைக்கு வந்து ஒரு வார்த்தையும் பேசாமல் நின்றார். நான் விழுந்தேன். அது நடிப்பா இல்லையா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. கொட்டகை முழுக்கக் குலவை. திரை இறங்கிவிட்டது. யாரும் போகவில்லை.

அவர்கள் மேடை ஏறி வந்தார்கள். "ஐயா, எங்க வீட்டுக்காரரப் பாத்தீகளா? இடது காதுல கடுக்கன் போட்டிருப்பாக." "எம் மவன், வாப்பா. மேல் உதட்டுல வடு." "எங்க அண்ணன், நல்லாப் பாடுவான்." நாடகத்தில் போனவர் என்றாலும், பர்மாப் பட்டாளத்திலிருந்து வந்தவர் என்றாலும், அவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். எல்லாருக்கும் முன்னால் உப்பளத்துக்காரி. அவள் மட்டும் ஒரு அடையாளமும் சொல்லவில்லை.

"பாத்தீகளா?" என்றாள்.

"பாத்தேன்" என்றார். "நல்லா இருக்காரு. கப்பல் விட்டதும் வருவாரு."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அடுத்தவளுக்கும் பார்த்தேன் என்றார். அதற்கடுத்தவளுக்கும். ஒருத்திக்குச் சொன்னதை இன்னொருத்திக்கு எப்படி இல்லையென்று சொல்வது?

நாங்கள் ஒரு சின்னக் கோவிலில் வைத்துக் கல்யாணம் செய்துகொண்டோம். பழைய துறைமுகத்துப் பக்கம் ஒற்றை அறை. அவருக்குத் துறைமுகத்தில் பாரம் ஏற்றும் இடத்தில் வேலை கிடைத்தது. வேலைக்குப் போகிற வழியெல்லாம் பெண்கள் நின்றார்கள். ரங்கோன் கப்பல் சென்னையில் ஆள் இறக்கிய செய்தி வரும்போதெல்லாம் உப்பளத்துக்காரி எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போனாள். திரும்பி வரும்போது எங்கள் வாசலில் நின்று, "இந்த ரயில்லயும் இல்ல. அடுத்ததுல வருவாக, இல்லையா அண்ணே?" என்பாள். அவர் கையில் எடுத்த சோற்றை அப்படியே தட்டில் போட்டுவிடுவார்.

ஒருநாள் அவர் எழுந்து வெளியே வந்தார். "உள்ள வாம்மா" என்றார். அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். பிறகு சொன்னார்:

"நான் பாக்கல. ஒங்க வீட்டுக்காரர் யாருன்னே எனக்குத் தெரியாது. அன்னைக்குப் பொய் சொன்னேன். அந்த வழியா வந்தவங்க நெறையப் பேரு அங்கனயே போயிட்டாங்க. வந்திருந்தா இத்தனை நாள்ல வந்திருப்பாரு. நீங்க இனி ஸ்டேஷனுக்குப் போகாதீங்க."

அவள் செம்பைக் கீழே வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஒன் வீட்டுக்காரருக்கு ஒடம்பு சரியில்லளா. பாத்துக்கோ" என்றாள். "அன்னைக்கு அத்தனை பேருக்கு முன்னால சொன்னதுதான் நெசம். இப்ப எதுக்கோ மனசு கலங்கிப் பேசுதாக."

அடுத்த ரயிலுக்கும் போனாள்.

அதன் பிறகு அவர் வேலைக்குப் போவதை நிறுத்தினார். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என்னிடம் கோபப்பட்டதில்லை, கை நீட்டியதில்லை. என்னைப் பார்க்காமல் இருந்தார், அவ்வளவுதான். நான் தண்ணீர் கொடுத்தால் செம்பை மட்டும் பார்ப்பார். மழைக்காலம் முடிந்து தோணிகள் கொழும்புக்குக் கிளம்பும் சமயம் ஒருநாள் காலையில் முகம் கழுவிச் சட்டை போட்டுக்கொண்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"தோணியில ஆள் கேக்காங்க. கொழும்புக்குப் போறேன். அங்கன என்னை யாருக்கும் தெரியாது" என்றார்.

"நானும் வாரேன்."

"வேண்டாம். ஒன் முகத்தைப் பாத்தா எனக்கு அந்த மேடைதான் தெரியுது. நான் என்ன செய்ய?"

மேடையாக இருந்தால் ஏதாவது பேசியிருப்பேன். நான் அவருக்கு இரண்டு வேட்டியை மடித்துக் கொடுத்தேன். துறைமுகம்வரை போகவில்லை. வர வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. எனக்கே கால் எழவில்லை.

அங்கே அவர் இன்னொரு குடும்பம் வைத்திருக்கிறார் என்று தோணிக்காரர் ஒருவர் பிற்பாடு சொன்னார். இல்லை, தேயிலைத் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார் என்றார் வேறொருவர். நான் யாரிடமும் போய் விசாரிக்கவில்லை. விசாரித்து என்ன கேட்பது?

கொட்டகைத் தகரத்தைக் கழற்றி விற்றுவிட்டு முதலாளி மதுரைக்குப் போனார். நான் வேறு இரண்டு கம்பெனிகளில் போய்க் கேட்டேன். தகரத்துக்கு அடியில் வெயிலில் கத்திக் கத்தி என் குரல் கம்மிப்போயிருந்தது. ஒரு இடத்தில் ஒரு பாட்டுப் பாடச் சொன்னார்கள். பாதியில் நிறுத்திவிட்டு, "அழுகை வேஷம் வந்தால் சொல்லி அனுப்புகிறோம்" என்றார்கள். அழச் சொல்லிப் பார்க்கலாமே என்று அங்கேயே அழுதுகாட்ட முயன்றேன். கண் வறண்டு கிடந்தது. அவர்கள் சங்கடத்தோடு வேறு பக்கம் பார்த்தார்கள்.

உப்பளத்தில் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது அந்த உப்பளத்துக்காரிதான். பாத்தியிலிருந்து வாரிக் குவித்த உப்பைக் கூடையில் சுமந்து மேட்டில் கொட்ட வேண்டும். முதல் வாரம் என் காலெல்லாம் வெடித்து எரிந்தது. வேப்பெண்ணெய் கொண்டுவந்து தேய்த்துவிட்டாள். அவருடைய பேச்சை அவள் எடுக்கவில்லை. அவள் புருஷனைப் பற்றி நானும் கேட்கவில்லை. ரங்கோன் ஆட்கள் வரக்கூடிய ரயில் நாளில் மட்டும் அவள் வேலைக்கு வரமாட்டாள்.

ஒரு ரயில் நாளில் வந்துவிட்டாள். கூடையை எடுத்துக்கொண்டு எனக்குப் பக்கத்தில் நின்றாள். கழுத்தில் ஒன்றும் இல்லை. யாராவது தகவல் கொண்டுவந்தார்களா என்று கேட்டேன்.

"ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல" என்றாள். "அலுத்துப்போச்சுளா."

கூடையைத் தூக்கிவிடச் சொன்னாள். தூக்கிவிட்டேன். அன்றைக்கு உப்பு நிறைய விளைந்திருந்தது. வெயில் சாயும்வரை இரண்டு பேரும் சுமந்தோம்.